மேலே போன கல்



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கல்லாறு. ஆற்றின் பெயரும் கல்லாறு, ஊரின் பெயரும் கல்லாறு. பெயருக்கு விளக்கம் தேவையில்லை. ஆற்றில் இறங்கினால் அடி வைக்கும் இடமெல்லாம் கல். தண்ணீர் உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கல்.

கல்லும் ஆறும் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒரு கல்லை எடுத்து வானத்தைப் பார்த்து எறிவார்கள். கல் மேலே போகும். போகப் போக வேகம் குறையும். ஓர் இடத்தில் நிற்பது போல இருக்கும். பிறகு கீழே வரும். வர வர வேகம் கூடும். தொப்பென்று விழும்.

இதைப் பார்க்காதவர் யாரும் இங்கே இல்லை. ஆனால் ஒரு கேள்வி. உச்சியில் கல் நின்றதே, அப்போது எறிந்தவன் கொடுத்த சக்தி எங்கே போயிற்று?

"தீர்ந்து போயிற்று" என்று பலரும் சொல்வார்கள். கல் மேலே போய் அங்கேயே காணாமல் போயிருந்தால் அந்தப் பதிலை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கல் சும்மா வரவில்லை. எறிந்த அதே வேகத்தோடு திரும்பி வருகிறது. சக்தி தீர்ந்து போயிருந்தால் அந்த வேகம் எங்கிருந்து வந்தது? உச்சியில் நின்ற அந்த நேரத்திலும் சக்தி எங்கோ இருந்திருக்க வேண்டும்.

கைக்காசும் தபால் ஆபீஸ் பணமும் தெரியும் அல்லவா? கையில் 100 ரூபாய் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய்த் தபால் ஆபீசில் கட்டுகிறீர்கள். கை காலியாகிவிட்டது. ஆனால் பணம் போய்விட்டதா? பாஸ்புத்தகத்தில் இருக்கிறது. வேண்டும்போது எடுக்கலாம்.

கல்லும் அப்படித்தான். கல்லின் வேகம் கைக்காசு. கல் ஏறிய உயரம் பாஸ்புத்தகம். ஓடும் பொருளில் இருக்கும் சக்திக்கு அறிவியலில் இயக்க ஆற்றல் என்று பெயர். உயரத்தில் இருக்கும் பொருளில் சேர்ந்திருக்கும் சக்திக்கு நிலை ஆற்றல் என்று பெயர். பெயர் மறந்தாலும் பரவாயில்லை. கைக்காசும் பாஸ்புத்தகமும் மறக்க வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூட்டலும் பெருக்கலும் கற்றுக்கொண்டது இதற்குத்தானே!

காசை ரூபாயில் எண்ணுவது போல, ஆற்றலை ஜூல் என்ற அளவில் எண்ணுகிறார்கள். ஒரு கிலோ எடையுள்ள பொருளை ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் 10 ஜூல் ஆற்றல் அதில் சேருகிறது. சரியான கணக்கு 9.8. எளிமைக்காக 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரைக் கிலோ கல் ஒன்றை ஒரு வாலிபன் நல்ல வேகத்தில் மேலே எறிகிறான். கையை விட்டுப் புறப்படும்போது வேகம் விநாடிக்கு 20 மீட்டர். அந்தக் கல்லில் இருக்கும் இயக்க ஆற்றல் 100 ஜூல். நூறு ரூபாயோடு கல் புறப்பட்டுவிட்டது.

அரைக் கிலோ கல் ஆகையால் ஒவ்வொரு மீட்டர் ஏறும்போதும் 5 ஜூலைக் கட்ட வேண்டும். 5 மீட்டர் ஏறியதும் 25 கட்டியாயிற்று, கையில் 75. 10 மீட்டர் ஏறியதும் 50 கட்டியாயிற்று, கையில் 50. 15 மீட்டரில் 75 கட்டியாயிற்று, கையில் 25. 20 மீட்டரில் நூறும் கட்டியாயிற்று. கையில் ஒன்றும் இல்லை. வேகமும் இல்லை. கல் நிற்கிறது.

எந்த உயரத்தில் கூட்டிப் பார்த்தாலும் நூறுதான் வரும். கையில் உள்ளதையும் கட்டியதையும் சேர்த்துக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். திரும்பி வரும்போது கல் ஒவ்வொரு மீட்டருக்கும் 5 ஜூலை எடுத்துக்கொண்டே இறங்குகிறது. கைக்கு வரும்போது மறுபடி 100. வேகமும் மறுபடி விநாடிக்கு 20 மீட்டர். வட்டி மட்டும் கிடையாது! காற்று உரசுவதால் கொஞ்சம் கமிஷன் போகும். கல்லுக்கு அது மிகக் குறைவு. காய்ந்த இலைக்கு அதிகம். அதனால்தான் இலை மெதுவாக ஆடி ஆடி இறங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே கல்லைப் பாதி வேகத்தில், விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எறிந்தால் எவ்வளவு உயரம் போகும்? பாதி உயரம், 10 மீட்டர் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் 5 மீட்டர்தான் போகும். கால்வாசி! வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு ஆகிறது. வேகம் மூன்று மடங்கானால் ஆற்றல் ஒன்பது மடங்கு. மோட்டார் சைக்கிளில் வேகத்தைக் கூட்டும் தம்பிகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதை விட 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது இரண்டு மடங்கு கேடு அல்ல, நான்கு மடங்கு.

இன்னொன்று. கல் 20 மீட்டர் ஏற 2 விநாடி ஆகிறது. முதல் விநாடியிலேயே 15 மீட்டர் ஏறிவிடுகிறது. கடைசி 5 மீட்டர் ஏறத்தான் மற்ற ஒரு விநாடியும். உச்சிக்கு அருகே அது நிதானமாகப் போவதற்குக் காரணம் இதுதான். வாலிபால் விளையாட்டில் பந்தை அடிக்க எழும்பும் ஆட்டக்காரர் அந்தரத்தில் நிற்பது போலத் தெரிகிறதல்லவா? அவர் காற்றில் இருக்கும் நேரத்தில் பாதி, எழும்பிய உயரத்தின் மேல் கால் பங்கிலேயே கழிகிறது. திருவனந்தபுரத்தில் உள்ளரங்கத்துக்கே ஜிம்மி ஜார்ஜ் என்ற வாலிபால் வீரரின் பெயர்தான். அவர் அந்தரத்தில் நிற்பதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. மந்திரம் ஒன்றும் இல்லை. கல்லாற்றுக் கல்லும் அதைத்தான் செய்கிறது.

பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நினைக்க வேண்டாம். கட்டட வேலை நடக்கும் இடத்தைப் பாருங்கள். சாரத்தின் மேல் கொத்தனார் நிற்கிறார். கீழே இருந்து ஒருவர் செங்கல்லை மேலே எறிகிறார். "அண்ணே, பிடிங்க!" கொத்தனார் கையை நீட்டுகிறார். செங்கல் அவர் கைக்கு வரும்போது அதன் வேகம் ஏறக்குறைய தீர்ந்திருக்கிறது. பூவை எடுப்பது போல எடுத்து வைக்கிறார். அடுத்த கல் வருகிறது.

மூன்று கிலோ செங்கல்லை மூன்று மீட்டர் ஏற்ற 90 ஜூல் வேண்டும். கீழே நிற்பவர் அதற்கு ஒரு துளி அதிகமாகவும் கொடுப்பதில்லை, குறைவாகவும் கொடுப்பதில்லை. அதிகம் கொடுத்தால் மிச்ச வேகத்தோடு கல் கொத்தனாரின் கையை அறையும். குறைத்தால் அவர் கைக்கு எட்டாமல் பாதியில் திரும்பிவிடும். காலை முதல் மாலை வரை, நூற்றுக்கணக்கான கற்களுக்கு, தராசும் இல்லாமல் தாளும் இல்லாமல் இந்தக் கணக்கை அவர் கை போடுகிறது. இதைக் கூலி வேலை என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் ஒரு நாள் எறிந்து பார்க்கட்டும்.

ஆனால் கொத்தனார் ஒரு கல்லைத் தவறவிட்டால்? கட்டிய 90 ஜூலும் அப்படியே திரும்பி வரும். எறிந்த இடத்துக்கு வரும்போது செங்கல்லின் வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர். சைக்கிள் வேகத்துக்கும் மேல். அது தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்லை எறிகிறவர் உடனே ஒரு எட்டு விலகி நிற்பதும், சாரத்துக்கு அடியில் யாரும் நடக்கக் கூடாது என்பதும், தலைக்கு ஹெல்மெட் வேண்டும் என்பதும் இதனால்தான். ஹெல்மெட் கேட்டு வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சாரத்தை விட உயரமானது தென்னை. "தென்னை ஏமாற்றாது" என்று மலையாளத்தில் ஒரு பேச்சு உண்டு. காய்ப்பில் வேண்டுமானால் அது உண்மையாக இருக்கலாம். தலை விஷயத்தில் நம்ப வேண்டாம். 20 மீட்டர் உயர மரத்தில் ஒன்றரைக் கிலோ தேங்காய் தொங்குகிறது. அதை யாரும் மேலே எறியவில்லை. மரமே வேரிலிருந்து நீரை மேலே ஏற்றி, வெயிலையும் காற்றையும் வாங்கி, மெல்ல மெல்லக் காயைச் செய்து அங்கே வைத்திருக்கிறது. ஆனாலும் கணக்கு ஒன்றுதான். அந்தக் காயில் 300 ஜூல் சேர்ந்திருக்கிறது. காம்பு விட்டால் 2 விநாடியில் தரைக்கு வந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். "பார்த்து ஓடிவிடலாம்" என்று நினைப்பவருக்கு இருப்பது அந்த 2 விநாடி மட்டும். தென்னைக்கு அடியில் கட்டில் போட வேண்டாம். தொட்டில் கட்டவே வேண்டாம்.

ஒரு அக்கா இப்போது கேட்கலாம். "கல்லுக்குக் கை கொடுத்தது. கைக்கு யார் கொடுத்தது?" நல்ல கேள்வி. கைக்குச் சோறு கொடுத்தது. சோற்றுக்கு நெல் கொடுத்தது. நெல்லுக்குச் சூரியன் கொடுத்தது. தென்னை ஏறும் தொழிலாளி 60 கிலோ எடை இருந்தால், ஒரு முறை 20 மீட்டர் ஏற 12,000 ஜூல் உயரக் கணக்கில் கட்டுகிறார். உடம்பு அதைப் போல நான்கு மடங்குக்குக் குறையாமல் செலவழிக்கிறது. மிச்சம் சூடாகவும் வியர்வையாகவும் போகிறது. ஒரு நாளில் பல மரம் ஏறுகிறவருக்கு ஏன் அவ்வளவு பசிக்கிறது என்பது இப்போது தெரிகிறதா?

இனி கல்லையும் காயையும் விட்டு, இதே மாவட்டத்தின் கடற்கரைக்கு வாருங்கள். ஊர் தும்பா. மீனவர்கள் வாழ்ந்த ஊர். புவியின் காந்த நடுக்கோடு அதன் அருகே போகிறது. வான மண்டலத்தை ஆராய அது மிகவும் ஏற்ற இடம் என்று விக்ரம் சாராபாயும் மற்ற விஞ்ஞானிகளும் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே இருந்த மக்தலேனா மரியாள் தேவாலயம் ஆராய்ச்சிக்காகக் கொடுக்கப்பட்டது. மீனவக் குடும்பங்கள் வீட்டையும் கோயிலையும் விட்டு வேறு இடத்துக்குப் போனார்கள். நாட்டின் விண்வெளிப் பெருமையைப் பேசும்போது அவர்கள் கொடுத்ததையும் சேர்த்தே பேச வேண்டும்.

1963 நவம்பர் 21 மாலையில் அங்கிருந்து முதல் ராக்கெட் புறப்பட்டது. பெயர் நைக்-அப்பாச்சி. அமெரிக்காவில் செய்தது. ராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாம் அந்தக் குழுவில் இருந்தார். ராக்கெட்டைத் தூக்கி ஏவுமேடையில் வைக்கும் நேரத்தில் கிரேனில் எண்ணெய்க் கசிவு ஏற்பட்டது. சரிசெய்ய நேரம் இல்லை. எல்லோரும் சேர்ந்து கைகளாலேயே ராக்கெட்டைத் தூக்கி மேடையில் வைத்தார்கள் என்று கலாம் எழுதியிருக்கிறார். வானத்துக்குப் போன அந்த ராக்கெட்டின் உயரக் கணக்கில் முதல் சில ஜூல்களைக் கட்டியது மனிதத் தசைகள்தான்.

அந்த ராக்கெட் சுமார் 200 கிலோமீட்டர் உயரம் போனது. அவ்வளவு தூரமும் எரிபொருள் எரிந்துகொண்டே போயிருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. எரிபொருள் எரிந்தது சில விநாடிகள்தான். பாதையின் பெரும்பகுதியில் அது வெறும் கல். எறிந்த கல் எப்படி வேகத்தைக் கொடுத்து உயரத்தை வாங்குமோ, அப்படியே அதுவும் வாங்கியது. கல்லைப் பையனின் கை ஒரு நொடி தள்ளியது. ராக்கெட்டை எரிபொருள் கொஞ்சம் அதிக நேரம் தள்ளியது. கையை விட்ட பிறகு கல்லின் மேல் கையின் தள்ளுதல் இல்லை, எரிந்து முடிந்த பிறகு ராக்கெட்டின் மேலும் தள்ளுதல் இல்லை. கூடப் போவது கொடுத்த ஆற்றல் மட்டும்தான்.

200 கிலோமீட்டர் உயரம் போக விநாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் கல்லாற்றிலிருந்து தும்பாவுக்கு அரை நிமிடத்துக்குள் போய்விடலாம்! மேலே போன ராக்கெட் சோடியம் ஆவியை வெளியிட்டது. அந்தி வானத்தில் ஆரஞ்சு நிற மேகம் தெரிந்தது. மேலே காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக வீசுகிறது என்பதை அறிய அந்த மேகம் உதவியது.

பிறகு? மேலே போன கல்தான் அதுவும். திரும்பி வந்தாக வேண்டும். இத்தகைய ராக்கெட்டுகள் கடலில் விழும்படிதான் ஏவுகிறார்கள். விழும் பகுதியில் படகுகள் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஏவ வேண்டும். தும்பாவிலிருந்து சிறு ராக்கெட்டுகள் இன்றும் போகின்றன. ரோகிணி 200 என்ற இந்திய ராக்கெட் சுமார் 70 கிலோமீட்டர் உயரம் போகும். 2022 நவம்பர் 23 அன்று அது இடையில் ஒரு முறை கூடத் தவறாமல் 200-வது தடவையாக வெற்றியோடு பறந்தது.

எவ்வளவு வேகமாக எறிந்தாலும் திரும்பித்தான் வருமா என்று கேட்பீர்கள். விநாடிக்கு 11.2 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் புறப்படும் பொருள், காற்றின் தடை இல்லாவிட்டால், பூமிக்குத் திரும்பாது. கையால் ஆகிற காரியம் அல்ல.

சரி, திரும்பி வந்த கல் தரையில் விழுந்துவிட்டது. இப்போது வேகமும் இல்லை, உயரமும் இல்லை. அந்த 100 ஜூல் எங்கே? இப்போதாவது தீர்ந்ததா? இல்லை. "தொப்" என்ற சத்தமாகக் கொஞ்சம் போனது. மண்ணைக் குழித்தது. மிச்சமெல்லாம் சூடு. கல்லும் மண்ணும் மிகக் கொஞ்சம் சூடாகியிருக்கும். தொட்டால் தெரியாத அளவு.

இதை அளந்து காட்டியவர் இங்கிலாந்துக்காரரான ஜேம்ஸ் ஜூல். மதுபான ஆலை நடத்திய குடும்பத்தில் 1818-ல் பிறந்தவர். எடைக்கல் கீழே இறங்கும்போது தண்ணீருக்குள் ஒரு துடுப்புச் சக்கரம் சுற்றும்படி செய்தார். எடை இறங்க இறங்கத் தண்ணீர் மிக லேசாகச் சூடேறியது. 1840-களில் அதைப் பொறுமையாக அளந்தார். ஆற்றலின் அளவுக்கு வைத்த பெயர் இவருடைய பெயர்தான். அருவியில் விழும் தண்ணீரும் கீழே வந்ததும் சூடாக வேண்டும் என்று அவர் சொன்னார். கல்லாற்றுக்கு மேலே காட்டுக்குள் மீன்முட்டி அருவி இருக்கிறது. அங்கே குளித்தவர்கள் "சூடா? நடுங்குகிறது!" என்பார்கள். தண்ணீர் 1 டிகிரி சூடேற 427 மீட்டர் விழ வேண்டும். அவ்வளவு உயரம் மீன்முட்டி இல்லை. அதனால் நடுக்கம் நியாயம்தான்.

ஆனால் அந்தச் சூடு எப்போதும் அற்பமானது என்று நினைத்தால் ஆபத்து. பொன்முடிச் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் முக்கி முனகி மேலே ஏறுகிறது. 10 டன் எடையுள்ள பஸ் ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் ஏறும்போதும் ஒரு கோடி ஜூல் கட்டுகிறது. டீசல் கொடுத்த காசு அது. மேலே தேயிலைத் தோட்டம் வரை போய் நிற்கும்போது பஸ்ஸின் பாஸ்புத்தகத்தில் பல கோடி இருக்கிறது.

இறங்கும்போது அத்தனையும் திரும்பி வரும். கல் என்றால் வேகமாக மாறிவிடும். பஸ் அப்படி வேகமெடுக்கக் கூடாதே! வளைவில் திரும்ப வேண்டும், உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே அந்தக் கோடிக்கணக்கான ஜூலையும் வழியிலேயே சூடாக்கித் தொலைக்க வேண்டும். ஒரு கோடி ஜூல் என்பது முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. அதை முழுவதும் பிரேக்கே வாங்கினால் பிரேக் கருகும், நாற்றம் வரும். சூடு மிஞ்சினால் அழுத்தினாலும் பிடிக்காது.

நல்ல டிரைவர் என்ன செய்கிறார்? ஏறிய கியரிலேயே இறங்குகிறார். அப்போது இன்ஜினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. சூட்டில் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்கிறது. பிரேக்குக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கிறது. சிலர் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குவார்கள். இன்ஜினுக்குக் கொடுக்க வேண்டியதைப் பிரேக்கின் தலையில் கட்டுகிற வேலை அது. ஜீப்பானாலும் ஆட்டோவானாலும், அப்படி இறக்குகிற வண்டியில் இருந்தால், "அண்ணே, கியர் போடுங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மலை இறங்கி வந்து கல்லாற்றில் நிற்கும் வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போனால் அனல் தெரியும். அந்த அனல்தான் மேலே ஏறிய உயரம். தொட்டுவிட வேண்டாம், சுட்டுவிடும்.